காலி நாற்காலியின் புகார்

கையைத் தூக்கச் சொன்னார்கள். பெரிய மாப்பிள்ளை தூக்கினார். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களில் இளையவர் எழுந்து வந்து, அக்குள், இடுப்பு, கணுக்கால் என்று தடவிப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யாரு நீங்க?"

"கட்டுரையாளர்."

"அப்படின்னா?"

"பேப்பர்ல எழுதுறவன். இருபது வருஷமா எழுதுறேன்."

இளையவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் உதட்டைப் பிதுக்கினார். வேறு வழியில்லாமல் "உள்ள இருக்கறவருக்கு சகலை" என்று சொன்ன பிறகுதான், "அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்" என்று கதவைத் தட்டினார்கள். சொந்தச் சகலையின் வீட்டு வாசலில் இப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டி வந்ததில் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. சகலை உறவு இருக்கிறதே, அது ஒரு தினுசானது. கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், மச்சானோடு முறைத்துக்கொள்ளலாம். சகலையோடு இரண்டும் முடியாது. ஒரே வீட்டில் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். யாருக்கு மரியாதை கூடுதல், யாருக்குக் குறைச்சல் என்று ஆயுசுக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த விஷயத்தில் இதுவரை பெரியவர் கைதான் ஓங்கியிருந்தது. அவர் நாளிதழில் வியாழக்கிழமைதோறும் பத்தி எழுதுகிறவர். மதவெறியைக் கண்டித்து, பயங்கரவாதத்தைக் கண்டித்து, கருத்துச் சுதந்திரத்தை ஆதரித்து எழுதுவார். சின்னவர் சிறுவர் இதழுக்கு யானையும் அணிலும் வரைந்துகொண்டிருந்த மனிதர். பெரியவருடைய சிபாரிசில்தான் அதே நாளிதழில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு கேலிச்சித்திரம் போட ஆரம்பித்தார்.

இருபது வருடத்தில் பெரியவர் கண்டிக்காத வெறியன் கிடையாது. ஆனால் ஒரு வெறியனும் அவரைக் கண்டுகொண்டதில்லை. ஒரு கல் வரவில்லை, ஒரு வசவு வரவில்லை. வந்த ஒரே எதிர்ப்பு, ரயில் கிளம்பும் நேரத்தைத் தவறாக எழுதிவிட்டார் என்று ஒரு வாசகர் போட்ட சண்டைதான். அதற்கு நாளிதழ் வருத்தம் தெரிவித்தது.

அப்படி இருக்கையில்தான் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தது. ஊருக்குப் போகக் காத்திருந்தவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று பலர் செத்துப்போனார்கள். அதில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் பெரியவரின் தெருக்காரர். பெரியவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். கடவுளின் பெயரால் நாங்கள்தான் செய்தோம் என்று ஒரு கும்பல் அறிக்கை விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்போது பெரியவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கடவுள் மட்டும் நேர்ல வந்தா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவார். ஐயா, என் பேர்ல வேற யாரோ கையெழுத்துப் போடுறாங்கன்னு புகார் கொடுப்பார்." முதலில் சிரித்தவர் அவர் மனைவி. டீச்சரை நினைத்து அதுவரை அழுதுகொண்டிருந்தவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சோறும் கொஞ்சம் இறங்கியது.

அந்த வரியைப் பெரியவர் தன் பத்தியிலும் எழுதினார். எழுதி, ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினார். இடம் போதாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் சொல்லும்போது, ஆசிரியர் வெட்டிவிட்டார் என்று அது மாறியது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார்.

பத்தி வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, சின்னவரின் கேலிச்சித்திரம் வந்தது. காவல் நிலையம். மேசைக்குப் பின்னால் பேனாவைக் காதில் செருகிய போலீஸ்காரர். எதிரே ஒரு காலி நாற்காலி. அந்தக் காலி நாற்காலி சொல்கிறது: "ஐயா, என் பெயரில் வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள்." கீழே மூலையில் சின்னவரின் கையெழுத்து.

நாடே அதைப் பார்த்தது. ஃபோனுக்கு ஃபோன் பறந்தது. கும்பலும் பார்த்தது. ஒரு குரல் பதிவை வெளியிட்டு, சின்னவரின் பெயரைச் சொல்லி, வரைந்த கையை உடம்பில் விட்டுவைக்க மாட்டோம் என்றது. அன்று சாயங்காலமே சின்னவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தொலைக்காட்சிகளில் விவாதம் சூடு பிடித்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டா, நம்பிக்கையைக் கிண்டல் செய்யலாமா, குண்டு வைப்பவனுக்கும் கோடு போடுபவனுக்கும் வித்தியாசம் இல்லையா என்று ராத்திரிதோறும் கத்தித் தீர்த்தார்கள். எல்லாத் திரையிலும் ஒரு கட்டத்துக்குள் சின்னவரின் முகம் இருந்தது. முகத்துக்குக் கீழே ஒரு பட்டை, அதில் பெயர், பெயருக்குக் கீழே "அஞ்சாத ஓவியர்".

பெரியவருக்கு அந்தப் பட்டைதான் தாங்கவில்லை. மறைப்பானேன், அது சுத்தமான பொறாமை. சாப்பிட்டால் நெஞ்சில் நின்றது. அணில் வரைந்துகொண்டிருந்த ஆள் அஞ்சாத ஓவியராம். வரி யாருடையது? முடிதிருத்தும் கடைக்காரர்கூட, "உங்க சகலைக்கு நான்தான் முடி வெட்டுறேன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன் சார்" என்று இவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டார். கல்லூரிக்குப் போகும் மகள் அந்தப் படத்தைத் தன் ஃபோன் திரையில் வைத்திருந்தாள். அலுவலகத்தில் கேலிச்சித்திரச் சிறப்புப் பக்கம் போட இடம் வேண்டும் என்று வியாழக்கிழமைப் பத்தியை உள்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மிரட்டல்தானோ என்று பெரியவர் பாய்ந்து எடுத்தார். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வரி என்னோடது" என்று முதலில் மனைவியிடம் சொன்னார். அவர், "தெரியும்ங்க. நான்தானே முதல்ல சிரிச்சேன். இப்ப அதுக்கு என்ன?" என்றார். அதுக்கு என்னவா? பிறகு அலுவலகத்தில் டீ குடிக்கும் இடத்தில் சொன்னார். முடிதிருத்தும் கடையில் சொன்னார். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. சகலை புகழில் குளிர்காய வந்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்படி மனைவி கெஞ்சினார். "எனக்குப் பயம்னு நினைக்கிறியா? இதையெல்லாம் இருபது வருஷமாப் பார்த்தவன்" என்றார் பெரியவர். எதைப் பார்த்தார் என்று மனைவி கேட்கவில்லை.

ஆக, நியாயம் கேட்கத்தான் அன்று சகலை வீட்டுக்கு வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

உள்ளே பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருப்பக்க ஜன்னலை அடைத்தாற்போல் துணி அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். மைத்துனி கதவைத் திறந்து, "வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு உடனே மூன்று தாழ்ப்பாளையும் போட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். சின்னவர் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பலகையில் வெள்ளைத்தாள் மட்டும் இருந்தது. தாடி வளர்ந்திருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று புகை கக்கிக்கொண்டு கிளம்பிய சத்தத்துக்கு, அவருடைய வலது கை தானாகச் சட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கண்ணுள்ளவன் எவனும் அந்தக் கையைப் பார்த்திருப்பான். பெரியவர் அலமாரியைப் பார்த்தார். நம் வீட்டு அலமாரியை ஒருத்தரும் நகர்த்தச் சொல்லவில்லையே என்று நினைத்தார். பொறாமைக்கு வெட்கம் கிடையாது.

உடம்பு எப்படி, தூக்கம் எப்படி என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "தம்பி, அந்த வரி..."

"உங்களோடதுதான் அண்ணா. படம் வரையறப்ப உங்க பத்தியிலயும் வரும்னு நினைச்சேன். ரெண்டும் சேர்ந்து வந்தா நல்லாயிருக்கும்னு பார்த்தேன். உங்களுது வரல."

"ஆசிரியர் வெட்டிட்டார்."

"அப்படியா." சின்னவர் பலகையில் இருந்த தாளை நேராக்கி வைத்தார். "போலீஸ்ல கேட்டாங்க, வரியும் நானே யோசிச்சதான்னு. ஆமான்னு சொல்லிட்டேன். உங்க பொண்ணு காலேஜுக்குப் பஸ்ல போய்ட்டு வருது. உங்களையும் எதுக்கு இதுல இழுக்கணும்னுதான்."

இதைக் கேட்டு ஒரு மனிதன் எழுந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவருக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னைக் காப்பாற்ற இவர் யார்? தியாகத்திலும் முதல் பந்தியா? "தம்பி, நான் ஒளிஞ்சுக்கறவன் இல்ல. உண்மை எதுவோ அதைச் சொல்லணும். இவ்வளவு பேசுற ஆளு டிவியில அதைச் சொல்லலாமே."

மைத்துனி அடுப்படி வாசலிலிருந்து, "அத்தான், வேணாம்" என்றாள். சின்னவர் அவளைக் கையமர்த்தினார்.

"நிஜமாவே சொல்லவா அண்ணா?"

"தாராளமா சொல்லுங்க."

"நாளைக்கு எட்டு மணி விவாதத்துல சொல்லிடறேன்."

பெரியவர் தாழ்ப்பாள்கள் திறக்கப்படும் வரை பொறுமையில்லாமல் நின்றார். தெருவுக்கு வந்ததும் அந்தத் தொலைக்காட்சிக்குத் தானே ஃபோன் போட்டார். ஓவியரின் சகலை, மூத்த கட்டுரையாளர், நாளை கலந்துகொள்ளத் தயார் என்றார். சகலை என்றதுமே இடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் மாலை முகத்துக்குப் பவுடர் போட்டார்கள். சட்டைக் காலரில் மைக்கை மாட்டினார்கள். வளைந்த மேசையில் நெறியாளருக்கு வலப்பக்கம் ஒரு வக்கீல், இடப்பக்கம் ஒரு மத அமைப்பின் பேச்சாளர், அவருக்கு அடுத்த நாற்காலியில் பெரியவர். எதிரே தரையில் ஒரு டிவிப் பெட்டி. வீட்டில் இருப்பவர்கள் என்ன பார்க்கிறார்களோ அதுவே அதில் தெரியும். பெரியவர் தன் முகத்தையும் அதன் கீழே வந்த பட்டையையும் பார்த்தார். பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே "ஓவியரின் உறவினர்" என்றிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

விவாதம் தொடங்கியது. பேச்சாளர் சத்தமே போடாத மனிதர். குண்டு வைத்ததை நாங்களும் கண்டிக்கிறோம், செத்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, ஆனால் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதுபோல் நம்பிக்கையைக் கேலி செய்வது நியாயமா என்று கேட்டார். வக்கீல் விடவில்லை. மனம் புண்பட்டவரே எல்லையைக் கிழிக்கலாம் என்றால், நாளைக்கு வானிலை அறிக்கை வாசிக்கிறவரும் வாயைத் திறக்க முடியாது என்றார். அதோடு, படத்தில் கேலி செய்யப்பட்டது கடவுளா, கடவுள் பெயரில் கொன்றவர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள் என்றார். கடவுளைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் எப்போதும் இப்படித்தான் கேட்பார்கள் என்று பேச்சாளர் புன்னகை செய்தார். பெரியவர் நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஒன்றையும் எடுத்துவிட இடைவெளி கிடைக்கவில்லை.

அப்போது கட்டத்துக்குள் சின்னவர் வந்தார். பின்னால் அலமாரியின் முதுகு தெரிந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "இவ்வளவு நாளா எல்லாரும் என்னைப் பாராட்டுறீங்க. படம்தான் நான் போட்டது. அந்த வரியைச் சொன்னது என் சகலை. உங்க மேசையிலயே உட்கார்ந்திருக்கார். பாராட்டு அவருக்கும் சேரணும்."

நெறியாளரின் கண் விரிந்தது. அவர் காதில் யாரோ ஏதோ சொன்னார்கள். கேமரா பெரியவர் பக்கம் திரும்பியது. எதிரே இருந்த பெட்டியில் அவர் முகம் மட்டும் திரை முழுக்க வந்தது. கீழே பட்டை மாறியது. அவருடைய முழுப் பெயர், கொட்டை எழுத்தில்; அதற்குக் கீழே, "சர்ச்சை வரியின் சொந்தக்காரர் இவர்தான்".

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஒரே ஒரு மூச்சு நேரம் பெரியவருக்கு நெஞ்சு விம்மியது. பிறகு பட்டையை இன்னொரு முறை படித்தார். பேச்சாளர் நாற்காலியை மெதுவாகத் திருப்பி அவரைப் பார்த்தார். இருபது வருடத்தில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அவரை முழுசாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"அப்படியா, நீங்கதானா?" என்றார் அவர், குசலம் விசாரிப்பதுபோல.

அவர் அதில் மிரட்டல் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பெரியவருக்கு வீடு ஞாபகம் வந்தது. வீட்டுப் பால்கனிக் கதவின் கொக்கி சரியாக மாட்டாது. மனைவி அங்கே நின்றுதான் துணி உலர்த்துவார். மகள் இறங்கும் பஸ் நிறுத்தத்தில் விளக்கு இல்லை. கும்பலின் ஆள் ஒருவன் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து இதே பட்டையை வாசித்துக்கொண்டிருப்பான்.

"அந்த வரி உங்களுடையதுதானா?" என்று நெறியாளர் கேட்டார்.

"இல்ல" என்றார் பெரியவர். குரல் கீச்சென்று வந்தது. "அப்படி ஒரு வரியை நான் சொன்னதே இல்ல. முதல்ல அந்தப் பட்டையை எடுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் வாயைத் திறந்துவிட்டால் சீக்கிரம் மூடாது. தம்பி பாவம், வெளியே போகாமல் அடைந்து கிடக்கிறார், மனசு சரியில்லை, எதையோ நினைத்து எதையோ சொல்கிறார் என்று மளமளவென்று கொட்டினார். தன்னைக் கேட்டிருந்தால் அந்தப் படமே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். பேச்சாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பழியைக்கூட அடுத்தவர் தலையில் கட்டுகிற ஆளையா இத்தனை நாள் அஞ்சாத ஓவியர் என்று கொண்டாடினோம் என்று வருத்தப்பட்டார். வக்கீல் பெரியவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டத்துக்குள் சின்னவர் கொஞ்ச நேரம் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நெறியாளர் கூப்பிட்டுப் பார்த்தார்.

"இருக்கேன்" என்றார் சின்னவர். "அவர் சொல்றதுதான் சரி. நான்தான் குழம்பிட்டேன். வரி என்னோடது. படமும் என்னோடது. வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல."

பெரியவரின் பட்டை மறுபடி மாறியது. பெயருக்குக் கீழே "திட்டவட்ட மறுப்பு" என்று வந்தது. அவர் அதைப் பார்த்து மூச்சு விட்டார். அப்படி நிம்மதியாக மூச்சு விட்டதும் திரையில் தெரிந்தது.

வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் தன் அறைக்கதவைச் சாத்தியிருந்தாள். மனைவி சோறு போட்டார், தண்ணீர் வைத்தார், விளக்கை அணைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெரியவருக்கு இருந்தது.

காலையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். காலிங் பெல் சத்தம் கேட்டதும் பெரியவர் கதவின் துவாரம் வழியே எட்டிப் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும், சொல்ல வெட்கக்கேடு, ஓரமாக ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது.

"மேல கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார். அந்த வரி உங்களோடது இல்லன்னு சொன்னீங்கள்ல, அது உறுதிதானே? உங்களோடதுன்னா இங்கயும் ரெண்டு பேரைப் போடணும்."

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றார். கையில் ஒரு பை இருந்தது. பெரியவர் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். இப்போதுகூட ஒரு வார்த்தை போதும்.

"உறுதிதான்" என்றார்.

"நல்லதாப் போச்சு. எங்களுக்கும் ஆள் பத்தல."

"ஒரு சந்தேகம் சார்" என்றார் மனைவி. "அந்த வரியை முதல்ல கேட்டு முதல்ல சிரிச்ச ஆளுக்குக் காவல் போடுவீங்களா?"

போலீஸ்காரர் சிரித்தார். சிரித்ததற்கெல்லாம் காவல் போட முடியாதம்மா என்றார். "அப்ப சரி" என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டார். தங்கச்சிக்கு ஒரு துணை வேண்டும், கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போலீஸ்காரருக்குப் பின்னாலேயே படியிறங்கினார்.

பெரியவர் அன்று அலுவலகம் போகவில்லை. பகல் முழுக்க ஃபோன் அடித்தது. நடுநிலையாகப் பேசினீர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பேச்சாளரும் அழைத்து, அவருடைய வியாழக்கிழமைப் பத்தியை இனித் தவறாமல் படிப்பதாகச் சொன்னார். பெரியவர் நன்றி சொன்னார். சாயங்காலம் மனசு கேட்காமல் மனைவிக்கு ஃபோன் போட்டார். பின்னால் மைத்துனியின் பேச்சுச் சத்தமும், நடுவே சின்னவர் எதற்கோ சிரிப்பதும் கேட்டது. மனைவியும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். யாரென்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"வாசல்ல போலீஸ் யாருன்னு கேட்டிருப்பாங்களே. என்ன சொன்ன?" என்று பெரியவர் கேட்டார்.

"ஓவியருக்குச் சொந்தம்னு சொன்னேன். உங்க பேரைச் சொல்லல. சொன்னா உள்ள விடமாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சு."

ஃபோனை வைத்துவிட்டுப் பெரியவர் எழுந்து போய்ப் பால்கனிக் கதவை மூடினார். கொக்கி மாட்டவில்லை. கதவை அப்படியே கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போனவர் வந்தவர் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.